கிணற்றடிக்கு ஒரு குடைக்கோரை

எங்கள் பக்கத்தில் கோரை என்றாலே முகம் சுளிப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. மரக்கறிப் பாத்தியில் கோரைக்கிழங்கு வந்துவிட்டால் லேசில் போகாது. மேலே பிடுங்கப் பிடுங்க, கீழே ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கும் கிழங்குகளிலிருந்து திரும்பவும் முளைக்கும். அதனால், "கோரையைப் போய் ஆரும் ஆசையா வளர்ப்பாங்களா பிள்ளை?" என்று அயல்வீட்டு மாமி கேட்டதில் தப்பே இல்லை.

நான் வளர்ப்பது குடைக்கோரை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்துச் செடி. கிழங்கு வைத்து ஓடாது, நட்ட இடத்திலேயே தூர் கட்டிப் பருக்கும். ஆளின் இடுப்புக்கு மேல் வளரும் தண்டில் இலையே இராது. உச்சியில் மட்டும் இருபது போலப் பச்சை இதழ்கள் குடைக்கம்பிகள் மாதிரி விரிந்து நிற்கும்.

எங்கள் திருகோணமலை உப்புவெளி மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. அப்புறம் வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வந்தால் செவ்வரத்தையே வாடிப்போகும். குடைக்கோரைக்கோ வேர் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். அதனால்தான் அதைக் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் வைத்திருக்கிறேன். கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் செயற்கைச் சதுப்புகளிலேயே இந்தச் செடியை நடுவதுண்டு, ஆகவே சோப்புத்தண்ணீருக்கு நான் கவலைப்படவில்லை. கிணற்றடி இல்லாத வீட்டில் அடியில் துளையில்லாத தொட்டி போதும். ஆனால் தண்ணீர் தேங்கினால் நுளம்பு வரும், டெங்கு வரும். தண்ணீர் மேலே தெரிகிற தொட்டியென்றால் கட்டாயம் கப்பி மீன் விடுங்கள்.

எனக்குப் பிடித்த வேலை இதில் கன்று எடுப்பதுதான். முற்றிய தண்டொன்றின் தலையை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, விரிந்த இதழ்களைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். வாளி நிழலில் இருக்கட்டும். சில வாரத்தில் இதழ்கள் கூடும் நடுவிலிருந்து வெள்ளை வேர் கீழே இறங்கும், ஊசிபோல பச்சைக் குருத்து மேலே கிளம்பும். காம்பைப் பிடித்து மெல்லத் தூக்கி ஒருதடவை பார்த்துவிட்டால் அடுத்த தலையையும் வெட்டத்தான் கை போகும்.

மற்றபடி பராமரிப்பு கொஞ்சம்தான். மஞ்சளான தண்டை அடியோடு வெட்டுங்கள், பாதியில் வெட்டினால் அது திரும்பத் தழைக்காது. எப்போதாவது ஒரு பிடி மக்கிய மாட்டெரு. நடுத்தூர் கிழடாகிக் காய்ந்தால் கத்தியால் பிளந்து, ஓரத்துத் தூர்களை மட்டும் திரும்ப நட வேண்டும்.

இணையத்தில் செம்பு நிறத்தில் மின்னும் கோரைப் படங்களைக் காட்டிச் சிலர் கேட்கிறார்கள். அவற்றில் பல நியூசிலாந்துக்காரச் செடிகள், குளிர் கேட்பவை. நம் வெயிலில் வதைக்க வேண்டாம். நைல் கரைப் பப்பைரஸ் என்ற கோரை இங்கே வளரும்தான். ஆனால் நாலு மீட்டர் வரை உயரும், மாரிக்காற்றில் சரியும். பெரிய வளவுக்காரர் வைக்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெட்டிய தலைகளையும் தூரையும் குளத்திலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். அவுஸ்திரேலியாவில் தோட்டத்திலிருந்து தப்பி ஓடைக்கரைகளில் குடைக்கோரை களையாகப் பரவியிருக்கிறது. தம்பலகாமத்து வயல் வாய்க்காலுக்கு அந்தக் கதி வரக்கூடாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் என் தூர்களைப் பிரிப்பேன். கிட்ட உள்ளவர்கள் ஒரு பையோடு வாருங்கள், தருகிறேன்.