சுறாவுக்கு மூவாயிரம் ரேண்டா?

நாங்கள் இப்போது இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். இங்கே கேட்வே மாலில் அந்தப் பொம்மைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நான் நாலாவது தடவையாக நின்றபோது என் மனைவி சொன்னாள்: "இந்தக் காசுக்கு ஊர்ல நிஜச் சுறாவே வாங்கலாம். புட்டும் பண்ணிச் சாப்பிடலாம்."

சொன்னது சரிதான். எங்கள் ஊர் தூத்துக்குடி. சுறா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிள்ளை பெற்ற வீட்டில் மணக்கும் பால்சுறாப் புட்டு. பயமெல்லாம் அப்புறம்தான். ஆனால் கண்ணாடிக்குள் இருந்தது வேறு சுறா. ஆள்தின்னிச் சுறாவை மூன்று பேர் படகில் வேட்டையாடப் போகும் கதை, 1975இல் வந்த 'ஜாஸ்' படம். அதன் லெகோ செட், அதாவது துண்டுகளை ஒன்றோடொன்று மாட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பொம்மை. ஒரு படகு, மூன்று ஆட்கள், வாயைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைச் சுறா. மொத்தம் 1,497 துண்டுகள். பெட்டியில் 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. விலை 3,000 ரேண்டுக்கு மேலே.

டர்பன் துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது என் வேலை. பதினோரு வருடமாகிறது. பகல் முழுக்கப் படகில் கிடப்பவன் ராத்திரி வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் படகு கட்டுவானா என்று கேட்டால், கட்டுவான். இதில் கிரீஸ் கிடையாது.

லெகோ வாங்குகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகு. அமெரிக்க விலையில் துண்டுக்கு 10 சென்ட் வந்தால் பரவாயில்லை என்பார்கள். இந்த செட் 2024 ஆகஸ்டில் அங்கே 150 டாலருக்கு வந்தது. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே 10 சென்ட். படத்தின் பெயரைப் பயன்படுத்த லெகோ படக் கம்பெனிக்குப் பணம் கட்டவேண்டும், அதுவும் நம் தலையில்தான் விழும். அதையும் சேர்த்தே இந்த விலை என்றால் பாஸ்தான்.

ஆனால் எனக்கு இந்தக் கணக்கின் மேல் நம்பிக்கை இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு குமிழ்த் தகடும் ஒரு துண்டு, உள்ளங்கை அகலப் பலகையும் ஒரு துண்டு. பொடிசுகளாக அள்ளிப் போட்டு எண்ணிக்கையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். மீன் சந்தையில் கூறுக்கு எத்தனை மீன் என்று எண்ணி வாங்குகிறவன் வீட்டுக்கு நெத்திலியோடுதான் போவான்.

அதனால் நான் வேறு வழி பிடித்தேன். கட்டும் முறைப் புத்தகத்தை லெகோ தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. இறக்கிக்கொண்டு, இரண்டு ராத்திரி எஞ்சின் மேனுவல் படிப்பதுபோல் பக்கம் பக்கமாகப் படித்தேன். எந்தக் கட்டத்தில் யோசிக்க வைக்கிறார்கள், எங்கே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்துப் பக்கத்தை நிரப்புகிறார்கள் என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். கடைசிப் பக்கங்களில் எல்லாத் துண்டுகளின் படமும் இருக்கும். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதில் நம்ம வாளியில் இருக்கிறதையெல்லாம் சொல்லு" என்றேன். அவளுக்கு வயது பத்து. மூன்று வருடமாகச் சேர்ந்த கட்டைகள் ஒரு பெயின்ட் வாளி நிறைய இருக்கின்றன. வாளியில் எது இருக்கிறது என்று அவளுக்குக் கைத்தடவலிலேயே தெரியும்.

பாதி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள். ஒரு மணி நேரத்தில் சாம்பல் கட்டைகளில் ஒரு சுறாவோடு வந்தாள். வால் கொஞ்சம் கோணல். கண்ணுக்குக் காரின் ஹெட்லைட் துண்டு. ஆனால் சுறா சுறாதான். "அப்பா, இது நமக்குச் சும்மா. படகுதான் வராது" என்றாள்.

அங்கேதான் எனக்குக் கணக்கு தெளிவாயிற்று. இந்த செட்டில் நாம் காசு கொடுப்பது ஓர்கா என்ற அந்தப் படகுக்கு. படகின் முன்முனையான அணியத்திலிருந்து கடலுக்கு மேல் நீளும் நடைபலகை, உச்சியில் ஆள் ஏறிப் பார்க்கும் கூண்டு, கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி கேபின் கூரை, சுறாவை மேலே இழுத்து வைக்கக் கட்டும் மஞ்சள் பீப்பாய்கள். படத்துக்காகப் பழைய சிங்கி இறால் படகு ஒன்றை வாங்கி மாற்றிய படகு அது. செய்தவர்களுக்குப் படகு தெரிந்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் கரையேற்றி வைத்திருக்கும் பழைய மீன்பிடிப் படகுகளின் அதே முகம்.

சுறாவைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அது செட்டின் குறை இல்லை. படத்தில் இயந்திரச் சுறாவுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து அடிக்கடி பழுதாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஓடுகிற இயந்திரத்தை முன்கூட்டியே கடலில் விட்டுப் பார்க்காதவனுக்கு வேறென்ன நடக்கும்? 55 நாளில் முடியவேண்டிய படப்பிடிப்பு 159 நாள் ஓடியது. வேறு வழியில்லாமல் டைரக்டர் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே பாதிப் படத்துக்கு மேல் ஓட்டினார். தண்ணீரில் மிதந்து வரும் பீப்பாயைப் பார்த்தே நமக்கு வயிறு கலங்கும். அலமாரியில் வைக்கும் பொம்மையில் அந்த வித்தைக்கு இடமில்லை. சுறா முழுசாக, வெளிச்சத்தில், வருடம் பூராவும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. பத்தாம் நாள் அது வீட்டுப் பூனை மாதிரி ஆகிவிடும்.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வாங்காமலே இரண்டு மாதம் போனது. இடையில் வேறு ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த நகல் சுறா ஒன்றை வாங்கிப் பார்த்தேன், ஒளிப்பானேன். ஒரு கட்டையை அழுத்தினால் எதிர்ப்பக்கம் இரண்டு கட்டை கழன்று விழுந்தது. லெகோ 1958இல் காப்புரிமை கேட்ட கட்டையின் மேல்குமிழும் அடிக்குழலும் இன்றைய கட்டையோடும் பொருந்துகிற மாதிரி அச்சு எடுப்பது சும்மா வேலை இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்றும் பார்த்தேன். 15 சதவீத வாட் வரி, அதற்கு மேல் கூரியர்காரன் தனியாகப் போடும் கட்டணம். சரி, அது வேண்டாம்.

மனசை மாற்றியது பக்கத்து வீட்டு அங்கிள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் நாலாம் தலைமுறை. பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். அவர் அப்பா இங்கே கரைவலை இழுத்தவர். என் போனில் செட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் சின்னப் பையனா இருக்கறப்போ இது படம் இல்ல தம்பி" என்றார்.

1957 டிசம்பரில் தொடங்கி நாலு மாதத்துக்குள், டர்பனுக்குத் தெற்கே இருக்கும் கடற்கரை ஊர்களில் சுறா தாக்கி அடுத்தடுத்து ஆட்கள் செத்தார்கள். விடுமுறைக்கு வந்த கூட்டம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியது. கடற்படையே வந்து கடலுக்குள் வெடி போட, செத்து மிதந்த மீனைத் தின்ன இன்னும் சுறா வந்தது. டர்பனில் மட்டும் 1952இலேயே கடலில் சுறா வலை போட்டிருந்தார்கள். அந்த வலைக்குள் குளிக்க எங்கள் ஆட்களுக்குத் தனிக் கரை, வெள்ளைக்காரர்களுக்குத் தனிக் கரை என்பது வேறு கதை. அதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். "வலை இல்லாட்டி பீச் இல்ல, தம்பி." உண்மையில் அந்த வலை கடலை அடைப்பதில்லை. சுறா சுற்றிக்கொண்டு வரலாம், போகலாம். வருகிறதிலும் போகிறதிலும் சில மாட்டும், அவ்வளவுதான். ஜூன் ஜூலையில் சாளை மீன் கூட்டம் கரையோரம் ஏறி வரும்போது அந்த வலைகளையும் தூக்கிவிடுவார்கள். சாளையைத் துரத்தி வரும் டால்பினும் சுறாவும் மொத்தமாக மாட்டிக்கொள்ளும் என்பதால்.

இதெல்லாம் ஒரு பெட்டிக்கு 3,000 ரேண்ட் கொடுக்கக் காரணமாகுமா? ஆகாது. ஆனால் அந்தப் பொம்மை எங்கள் தெருக்கோடிக் கடலைப் பற்றியது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு மனசு கணக்குக் கேட்காது. பிளாக் ஃபிரைடே வரைக்கும் பொறுத்திருந்து, கால்வாசித் தள்ளுபடியில் வாங்கினேன். முழு விலைக்கு வாங்கியிருப்பேனா? படகு மட்டும் தனியாக வந்திருந்தால் யோசிக்காமல்.

நாலு ராத்திரி கட்டினோம். பைகளில் எண் போட்டிருக்கும், வரிசையாகப் பிரிக்கவேண்டும். மூன்றாம் ராத்திரி கேபின் சுவரில் ஒரு கட்டையை ஒரு குமிழ் தள்ளி வைத்துவிட்டேன். அப்போது தெரியவில்லை. பன்னிரண்டு கட்டம் தாண்டி, கூரை உட்காராமல் ஒரு பக்கம் மயிரிழை தூக்கி நின்றது. மகள் கண்ணைத் தட்டுக்கு நேராகத் தாழ்த்திப் பார்த்தாள். விரல்நகத்தைச் சந்தில் விட்டு நெம்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம். "அப்பா, வேலையிலயும் நீங்க இப்படித்தானா?" கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு முழு எஞ்சினையும் மறுபடி பிரித்த ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

இப்போது படகு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெட்டியில் வந்த சுறாவும், மகள் வாளியிலிருந்து செய்த கோணல்வால் சுறாவும் ஒரு பக்கம். நடுவில் வெங்காய மூட்டையிலிருந்து வெட்டிய சிவப்பு வலை, இரண்டு பென்சில்களில் கட்டித் தொங்குகிறது. மனைவி தூசி தட்டும்போது அதை எடுத்துக் குப்பையில் போடப் போனாள்.

"அம்மா, அது நெட். இப்ப எடுக்கக் கூடாது," என்றாள் மகள். "சாளை வர்றப்போதான் எடுக்கணும்."