ஃபியட் வீட்டுப் பெண், மீனவர் ஊர் மேயர்

சுசன்னா அக்னெல்லி என்றதும் எல்லோரும் 1995-இல் இத்தாலியின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் ஆனதைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ அதற்கு முந்தைய கதைதான் பிடிக்கும். ஃபியட்டைத் தொடங்கியவரின் பேத்தி, 1922-இல் டுரினில் பிறந்தவர், அப்பா 1935-இல் கடல் விமான விபத்தில் போய்விட்டார், போர்க்காலத்தில் செஞ்சிலுவை நர்ஸ் வேலை. கம்பெனி அண்ணன் ஜியானி கைக்குப் போனது (அந்தக் காலக் குடும்பம், வேறெப்படி இருக்கும்!). சரி, இவர் என்ன செய்தார் என்றால், டஸ்கனிக் கடலோரத்தில் போர்ட்டோ சாண்டோ ஸ்டெஃபானோ, போர்ட்டோ எர்கோலே என்ற இரண்டு துறைமுக ஊர்கள் சேர்ந்த மோன்டே அர்ஜென்டாரியோவுக்கு 1974 முதல் 1984 வரை மேயராக இருந்தார். நடுவில் நாடாளுமன்றத்துக்கும் போனார். அவ்வளவு சொத்துள்ளவர் பத்து வருடம் உள்ளூர்ப் பஞ்சாயத்தைக் கட்டி மேய்த்தாரே, அமைச்சர் பதவியைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.