ஒரே வாரத்தில் சித்திரையும் ஈஸ்டரும்

13.04.2022, புதன்

என் கணவர் பெற்றோல் வரிசைக்குப் போனது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். வந்தது விளக்கு வைத்த பிறகு. லீற்றர் 254 ரூபாய். டாங்க் நிறைந்துவிட்டது, இந்த வருடத்துக் கைவிசேடம், அதாவது புத்தாண்டுக் காசு, இதுதான் என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

நாளை சித்திரைப் புத்தாண்டு. பெரிய வியாழனும் நாளைதான். அடுத்தது பெரிய வெள்ளி, சனி சித்திரா பௌர்ணமி, ஞாயிறு ஈஸ்டர். அவருடைய ஆட்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், அம்பிளாந்துறையில், சைவம். நாங்கள் மட்டக்களப்பு நகரத்துத் தாண்டவன்வெளியில், கத்தோலிக்கம். இடையில் வாவி.

இதற்குள் என் அப்பாவையும் பெரிய வியாழன் பூசையில் பங்குச் சுவாமி பாதம் கழுவும் பன்னிருவரில் ஒருவராகச் சேர்த்திருக்கிறார்கள். நகம் வெட்டிவிட்டுத் திண்ணையில் காலை நீட்டி, வெடிப்புத் தெரிகிறதா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

14.04.2022, வியாழன்

விடியவே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டோம். மகள் முன்னால், சின்னவன் என் மடியில். கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடி வர, நோன்பு மாதம் என்பதால் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பூட்டு. நடுவீதிப் பேரீச்ச மரங்களை எண்ணுவது மகளின் வழக்கமான வேலை. மண்முனைப் பாலத்தாலும் போகலாம், ஆனால் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறாவிட்டால் அவளுக்கு அது பயணமே இல்லை. குருக்கள்மடத் துறையில் புதுச்சட்டைக்காரர்கள் கூட்டம். காத்திருந்துதான் ஏறினோம்.

மாமி இருந்த வீடு இப்போது மச்சாளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான், இவர் எங்களிடம் வந்ததுபோல. அதனால் தன் பிறந்த வீட்டில் இவருக்கு விருந்தாளிக் கதிரை. நாலு வருடமாகியும் அதில் நேராக உட்காரத் தெரியவில்லை, எழுந்து எழுந்து அடுப்படிக்குப் போகிறார்.

மாமா பிள்ளைகளின் தலையில் மூலிகை காய்ச்சிய மருத்துநீர் வைத்தார். சின்னவன் ஊரைக் கூட்டினான். பிறகு பால்பொங்கல், கைவிசேடம். வெற்றிலையில் காசோடு கொஞ்ச நெல்லும் வைத்துக் கொடுப்பது மாமாவின் முறை. இந்தமுறை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். போன வருடம் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தியதன் பலன் பெரும்போக அறுவடையில் தெரிந்தது. வழக்கமாக வருவதில் பாதிகூட மூட்டை வரவில்லையாம். மச்சாள் பலகாரத்தைக் குறைத்திருந்தாள். முறுக்கும் பயற்றம்பணியாரமும் மட்டும், அதுவும் விறகடுப்பில் சுட்டது. காஸ் இல்லாத கதை வாவியின் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

வாசலில் பொடியன்கள் போர்த்தேங்காய் அடித்தார்கள். தேங்காய் விற்கிற விலைக்கு இந்த விளையாட்டு தேவையா என்று மச்சாள் ஏசினாள். உடைந்ததைப் பொறுக்கிக் கறிக்குத் துருவியதும் அவள்தான்.

மூன்று மணிக்கு நான் எழும்ப, மாமா, "என்ன மனே, பொழுதுபடவாவது இருந்துட்டுப் போகலாமே" என்றார். அப்பாவின் கால் விசயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பை பலகாரம் கட்டித் தந்தார்.

பூசைக்குச் சரியாக வந்து சேர்ந்தோம். சுவாமி அப்பாவின் காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டபோது, "அம்மப்பா வீட்டிலேயே கழுவிட்டுத்தானே வந்தார்" என்று மகள் உரத்துச் சொல்லிவிட்டாள். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. வானவர் கீதத்துக்கு அடித்த மணி இனி சனி இரவுதான் அடிக்கும். காலையில் மருத்துநீர், மாலையில் பாதம் கழுவும் தண்ணீர் என்று அவர் காதோடு சொன்னார். நான் முறைத்தேன்.

15.04.2022, வெள்ளி

காலையில் சிலுவைப்பாதை, பின்னேரம் திருப்பாடுகள், சிலுவை முத்தி. நானும் அம்மாவும் ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாட்டு நோன்பு. பலகாரப் பையை அம்மா அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒருசந்தி இல்லைதான், ஆனால் பெரிய வெள்ளியில் முறுக்குக் கடிக்கும் சத்தம் அம்மாவுக்கு ஆகாது. மகளை வெளியே கூட்டிப்போய் இரண்டு பயற்றம்பணியாரம் கொடுத்தேன். அது சத்தம் போடாது.

மத்தியானம் ஒரு மணியிலிருந்து பெற்றோலுக்குக் கட்டுப்பாடு. மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாய்க்கு, ஓட்டோவுக்கு 1,500க்கு, காருக்கு 5,000க்கு மட்டும். ஆயிரம் ரூபாய்க்கு நாலு லீற்றர்கூட வராது. புதன்கிழமை வரிசையில் நின்ற மனிதரை அம்மா இன்று மாப்பிள்ளை என்று கூப்பிட்ட விதமே வேறு.

நோன்பு திறக்கும் மக்ரிப் நேரம் அவருடைய காத்தான்குடி நண்பர் கஞ்சி கொண்டுவந்தார். எங்களுக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சியது. அதைத்தான் ஒருசந்தி முடித்துக் குடித்தோம்.

16.04.2022, சனி

தாயில்லாதவர்கள் சித்திரா பௌர்ணமி விரதம் பிடிப்பார்கள், தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு. மாமி போனதிலிருந்து அவர் ஊர்க் கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பதைக் கேட்கப் போய்விடுவார். இந்தமுறை பெற்றோலை நினைத்து எங்கள் வீட்டிலேயே படைப்பதென்று முடிவு.

எங்கள் அடுப்படியில் எப்படிச் செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா விடியவே எழும்பிப் புதுச்சட்டியில் சமைக்கத் தொடங்கிவிட்டார். நேற்றைய ஒருசந்திக் களைப்பு முகத்தில் தெரிந்தது. கத்தரிக்காயைப் பொரித்துக் கறி வைத்தார். "சம்பந்தி எங்க வீட்டுக்கு வந்தா அதைத்தானே கேட்டு வாங்கிச் சாப்பிடுவா" என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் வாழையிலையில் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டு, கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். நான் போகவில்லை, விட்டுவிட்டேன்.

இரவு திருவிழிப்பு. வாசலில் பொலிஸார், பை சோதனை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஈஸ்டர் என்றால் இப்படித்தான். இங்கே சீயோன் தேவாலயத்தில் அன்று உயிர் போனவர்களில் எத்தனையோ பேர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். மகள் என் கையை விட்டு ஓடினால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் பூசைக்கு உள்ளே வருவதில்லை, சின்னவனோடு வெளியே நிற்பார். இன்று மட்டும் பின்வரிசையில் வந்து இருந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

புதுத் தீ மூட்டும்போது மேலே முழுநிலவு. மார்ச் 21இலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பதால், பஞ்சாங்கமும் திருச்சபையும் சில வருடங்களில் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. மணி அடித்தது. சின்னவன் மறுபடி ஊரைக் கூட்டினான்.

17.04.2022, ஞாயிறு

மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் எருமைத் தயிர்ச் சட்டி. சித்தி குடும்பம், அப்பாவின் தங்கச்சி குடும்பம், அடுத்த வீட்டு ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் இரண்டு பேர். கோழி, வாவி இறால், சோறு. கதிரை போதாமல் பாய் விரித்தோம். மூன்று நாள் அலுமாரிக்கு மேலே இருந்த முறுக்கு ஐந்து நிமிடத்தில் காலி.

அப்பாவும் மாமாவும் பசளை, விதைநெல், கொழும்புக் காலிமுகத்திடல் போராட்டம் என்று பேசிப் பேசி இரண்டு தேத்தண்ணி குடித்தார்கள். பால் இல்லாத வெறும் தேத்தண்ணி. பால்மா 400 கிராம் 790 ரூபாய், வந்தாலும் கிடைப்பதில்லை. அப்பாவின் கால் கதையை மாமா அவர் வாயாலேயே மறுபடி கேட்டுச் சிரித்தார்.

போகும்போது மகளும் அப்பப்பாவோடு போகிறேன் என்று பஸ்ஸில் ஏறிவிட்டாள். இறங்கச் சொன்னால் அழுகை. சரி, போகட்டும் என்று உடுப்புப் பையை யன்னலால் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை கூட்டிவர வேண்டும். நாளைக் காலை அவர் மறுபடி வரிசைக்குப் போகிறார், ஆயிரம் ரூபாயோடு.