தீபாவளி மறுநாள் வரும் நாய்கள்

தீபாவளி மறுநாள் கால்நடை மருத்துவமனையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "லட்டு தின்னுடுச்சு டாக்டர், சுகர் வந்துடுமா?" சர்க்கரையால் வயிறு கலங்கும், அவ்வளவுதான். லட்டுக்குள் இருக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தையே அடித்துவிடும்.

திராட்சைக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று அளவு சொல்ல வழியில்லை. கைப்பிடி தின்ற நாய் சும்மா திரியும். அதைவிடக் குறைவாகத் தின்றது, இரண்டு மூன்று நாளில் சிறுநீர் நின்றுபோய் வரும். டார்டாரிக் அமிலமே காரணம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. பழத்துக்குப் பழம் அந்த அமிலத்தின் அளவு மாறும். புளியிலும் அது ஏராளம். ஆகவே புளி மிட்டாயும் வேண்டாம்.

சாக்லேட்டுக்குக் கணக்கு உண்டு. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் (கோக்கோவில் இருக்கும் நச்சு) போனால் வாந்தி, படபடப்பு; 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்; 60-க்கு மேல் வலிப்பு. மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம். 40 கிராம் பார் முழுவதையும் 30 கிலோ லாப்ரடார் விழுங்கினாலும் பெரும்பாலும் பேதியோடு போகும். அதே பார் 3 கிலோ பொமரேனியனுக்கு 27 வரை ஏற்றிவிடும். கேக்குக்கு வாங்கிய கோக்கோ பவுடர்தான் மோசம். கிராமுக்கு 20-க்கு மேல். பத்து கிராம் நக்கினாலே அந்தப் பொமரேனியன் வலிப்புக் கணக்குக்குள் வந்துவிடும். இந்த நச்சு சிறுநீர்ப்பையிலிருந்தும் மறுபடி ரத்தத்தில் ஏறும் என்பதால், சிகிச்சையின்போது அடிக்கடி சிறுநீர் கழிக்க வைப்பார்கள்.

சர்க்கரையில்லாத சூயிங்கம் வாங்கினால் உறையில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயரோ அதைக் குறிக்கும் 967 என்ற எண்ணோ இருக்கிறதா பாருங்கள். 5 கிலோ நாய்க்கு அரை கிராம் போதும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாடும்.

தின்றதைப் பார்த்ததும் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். உப்பே தனி நச்சு, புகட்டும் தண்ணீர் நுரையீரலுக்கும் போகலாம். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் ஊசியிலேயே வாந்தி வரவைக்க முடியும். வரும்போது உறையையும் மிச்சத்தையும் எடுத்துவாருங்கள். நாயின் எடை, தின்ற நேரம் இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மைசூர்பாகின் நெய்யால் கணையம் வீங்கலாம்: ஓயாத வாந்தி, தொட்டால் வயிற்று வலி. வெங்காய பக்கோடா வேறு ரகம். வெங்காயத்தை எண்ணெயில் பொரித்தாலும் அதன் நச்சு போகாது. 10 கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கப் போதும். அறிகுறி அன்றே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகும்போதுதான் தூக்கி வருகிறார்கள். என்ன தின்றது என்று கேட்டால் முதலில் யாருக்கும் பக்கோடா ஞாபகம் வராது.