கில்டேரில் பிரிஜிட்டின் நெருப்பும் நீரும்

அயர்லாந்தின் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்று சொன்னால், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு கல்வட்டத்துக்குள் கையைத் தூக்கி நிற்பார்களே, அவர்களா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். டப்ளினுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் சிநேகிதி ஒருத்தி இந்த வழியில் இருப்பவள். அவளிடம் அங்கியும் இல்லை, தாடி வைத்த குருவும் இல்லை. சமையலறை ஜன்னலோரம் ஒரு சின்னப் பலகை, அதன்மேல் ஒரு மெழுகுவத்தி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஏதோ ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல், அவ்வளவுதான் அவள் பூஜையறை. காலையில் காபி போடும் முன்னால் மெழுகுவத்தியை ஏற்றி ஐரிஷ் மொழியில் நாலு வரி முணுமுணுப்பாள். அப்புறம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

பிப்ரவரி 1 அன்று வரும் இம்போல்க் திருநாளுக்கு அவள்தான் என்னை கில்டேருக்குக் கூட்டிப்போனாள். குளிர்காலம் முடிந்து ஆட்டுக்கு மடி சுரக்கிற காலம், பிரிஜிட் தெய்வத்தின் நாள். அதே தேதிதான் கத்தோலிக்கர்களுக்குப் புனித பிரிஜிட்டின் திருநாள். இந்த ஒற்றுமையைப் பற்றி அறிஞர்கள் நிறைய அடித்துக்கொள்கிறார்கள். கி.பி. 900 வாக்கில் எழுதப்பட்ட, கார்மக் என்ற ஆயர் பெயரில் வழங்கும் சொல்லகராதி, பிரிஜிட் புலவர்கள் வணங்கிய தெய்வம், தாக்தா என்ற தெய்வத்தின் மகள், அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லு வேலைக்கு என்று சொல்கிறது. எழுதி வைத்தது கிறிஸ்தவர்கள்தான். இந்த மதத்தில் எல்லாமே அப்படித்தான், அந்தக் காலத்துப் பூசாரிகளான துருயிதுகள் தங்கள் சமயத்தை எழுதி வைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் மடத்துத் துறவிகள் கை வழியாக வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரண்டையும் எல்லாரும் சேர்த்துக் குழப்புகிறார்கள். இன்றைய துருயித் இயக்கம் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிளம்பியது. 1792ல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் யோலோ மோர்கனுக் என்ற வேல்ஸ்காரர் ஒரு சடங்கு நடத்தினார், பழைய ஏடுகள் என்று அவர் காட்டியவற்றில் நிறைய அவரே எழுதியவை என்று பின்னால் தெரிந்தது. 1964ல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கிய பார்ட், ஓவேட், துருயித் சங்கம் இன்று உலகம் முழுக்கத் தபால் வழியாகவும் இணையம் வழியாகவும் பாடம் நடத்துகிறது. கேலிக் பலதெய்வ வழிபாட்டுக்காரர்கள் வேறு ரகம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு, இந்த மூன்றின் பழங்கதைகளையும் வீட்டு வழக்கங்களையும் மொழியையும் மட்டுமே பிடித்துக்கொண்டு, இல்லாததை இட்டுக்கட்டாமல் இருக்கப் பார்க்கிறார்கள். என் சிநேகிதி இரண்டிலும் கால் வைத்தவள். துருயித் பாடங்களில் மரங்களையும் தியானத்தையும் கற்றுக்கொண்டாள், கும்பிடுவது மட்டும் பாட்டி வீட்டு வழக்கப்படி. எனக்கும் அந்த இரண்டாவது பாதிதான் பிடித்திருக்கிறது. அறுந்துபோன பரம்பரையை அறுந்தது என்று ஒப்புக்கொண்டு, மிச்சம் கிடைத்ததை அடுப்படியிலிருந்து தொடங்குகிறார்களே, அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் கில்டேர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அவள் அம்மா வீடு. அம்மா ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவர். சதுப்பில் வளரும் கோரைப்புல்லை மதியமே கட்டுக்கட்டாகப் பிடுங்கி வாசலில் வைத்திருந்தார். கத்தியால் அறுக்கக்கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டுமாம். இருட்டியதும் சிநேகிதி அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சூரியன் போகும் திசையில், அதாவது வலமாக, மூன்று முறை சுற்றினாள். வாசலுக்கு வந்து கதவைத் தட்டி, முழங்கால் போடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள் என்று ஐரிஷில் சொன்னாள். உள்ளே இருந்த நாங்கள், வருக வருக என்று பதில் சொன்னோம். எனக்கு உச்சரிப்பு வரவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கட்டு மேஜைக்கு அடியில் போனது, மேஜைமேல் பிசைந்த உருளைக்கிழங்கும் நடுவில் குழி வெட்டி ஊற்றிய வெண்ணெயும் வந்தன. சாப்பிட்ட பிறகுதான் சிலுவை பின்னும் வேலை.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ராத்திரி முழுக்க என் கை அதிலேயேதான் இருந்தது. ஒரு கோரையை நெட்டுக்குப் பிடிக்க வேண்டும். இன்னொன்றை நடுவில் மடித்து அதன்மேல் மாட்டி வலதுபக்கம் இழுக்க வேண்டும். முழுசையும் கால் சுற்று திருப்பி, அடுத்த கோரையை மடித்து முந்தியதன்மேல் மாட்ட வேண்டும். மறுபடி திருப்பல், மறுபடி மடிப்பு. நடுவில் ஒரு சதுர முடிச்சு தானாகப் பருத்துக்கொண்டே வரும், நாலு கைகளும் நீளும். இறுக்கி இழுக்காவிட்டால் எல்லாம் கழன்றுவிடும், அதிகமாக இழுத்தால் கோரை நடுவில் ஒடிந்துவிடும், ஈரம் காயாத கோரையின் பச்சை வாசனை விரலில் மறுநாள் வரை போகவில்லை. கடைசியில் நாலு நுனியையும் நூலால் கட்டி, துருத்திக்கொண்டிருப்பதை நறுக்கிவிட வேண்டியதுதான். அம்மா என் கையிலிருந்ததை வாங்கி, ‘இதைக் கதவுக்கு மேலே மாட்டலாம்’ என்று ஆணியில் தொங்கவிட்டார். நெருப்பிலிருந்து வீட்டைக் காப்பாற்றும் என்பது நம்பிக்கை. அம்மாவுக்கு அது புனிதையின் சிலுவை, மகளுக்கு தெய்வத்தின் சின்னம், இந்த வேறுபாட்டை வைத்து இருவரும் ஒரு வார்த்தை விவாதித்து நான் கேட்கவில்லை. அதே வடிவத்தைத்தான் அயர்லாந்துத் தொலைக்காட்சி 1960களில் தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

படுக்கும் முன் ஒரு வெள்ளைத் துணியை வெளியே புதர்மேல் போட்டுவிட்டு வந்தார்கள். அன்று இரவு பிரிஜிட் ஊரெல்லாம் நடந்து வருவாள், போகிற போக்கில் துணியைத் தொட்டுவிட்டுப் போவாள், அதற்கப்புறம் தலைவலிக்கும் பிரசவ வலிக்கும் அந்தத் துணிதான் மருந்து. காலையில் எடுத்தபோது பனியில் நனைந்து விறைத்திருந்தது. அம்மா அதை ஹீட்டர்மேல் காயப்போட்டு, மடித்து அலமாரியில் வைத்தார், பழைய வருடங்களின் துணிகளும் அங்கேதான் இருந்தன.

மறுநாள் கில்டேர் ஊர். சின்ன ஊர்தான், நடுவில் சதுக்கம், பக்கத்திலேயே புனித பிரிஜிட் பேராலயமும் அதன் வட்டக் கோபுரமும். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் உயரம். நான் பார்க்க விரும்பியது அதை அல்ல, வளாகத்துக்குள் தாழ்ந்த கல்சுவராக நிற்கும் ஒரு கட்டட அடித்தளத்தை. நெருப்பு வீடு என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ் பாதிரியார் ஜெரால்ட் இந்த ஊர் நெருப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்தொன்பது கன்னியர் ஆளுக்கு ஒரு ராத்திரி நெருப்பைக் காப்பார்களாம். இருபதாம் ராத்திரி வந்ததும் பத்தொன்பதாவது பெண் விறகை அடுக்கிவைத்து, பிரிஜிட்டே, உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள், இது உன் ராத்திரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாளாம், காலையில் வந்து பார்த்தால் விறகு எரிந்திருக்கும், நெருப்பு அணையாமல் இருக்கும். எத்தனை விறகு எரிந்தாலும் சாம்பல் கூடுவதில்லை என்கிறார். சுற்றிலும் முள்வேலி போல ஒரு வட்டம், ஆண்கள் தாண்டக்கூடாது. நெருப்பை வாயால் ஊதவும் கூடாது, துருத்தியோ முறமோதான். ஜெரால்ட் எழுதுவதையெல்லாம் அப்படியே நம்ப முடியாது, ஐரிஷ்காரர்களைப் பற்றி அவர் எழுதியதில் பாதி ஏளனம். ஆனாலும் அந்த இருபதாம் ராத்திரி விஷயம் என்னை விடவே இல்லை. தெய்வத்துக்கும் ஒரு முறை வேலை ஒதுக்கி, அவள் வருவாள் என்று நம்பி விளக்கை விட்டுவிட்டுப் போவது சாதாரண துணிச்சல் இல்லை.

அந்த நெருப்பு சமயச் சீர்திருத்தக் காலத்தில் அணைந்துபோனது. 1993ல் பிரிஜிடைன் சபைக் கன்னியர் கில்டேர் சதுக்கத்தில் மறுபடி ஏற்றினார்கள், இன்று சோலாஸ் வ்ரீட என்ற அவர்களுடைய மையத்தில் அது காக்கப்படுகிறது. கத்தோலிக்கக் கன்னியர் ஏற்றிய நெருப்பின் முன் என் சிநேகிதி தெய்வத்தின் பெயரைச் சொல்லி நின்றாள், யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. இப்போது பல நாடுகளில் இருக்கும் பக்தர்கள் இருபது இருபது நாளாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் வீட்டில் ஒரு நாள் விளக்கேற்றி முறை காக்கிறார்கள், இருபதாம் நாளை இன்றும் பிரிஜிட்டுக்கே விட்டுவிடுகிறார்கள். சிநேகிதியின் ஃபோனில் அதற்கு ஒரு நினைவூட்டல் இருக்கிறது.

அங்கிருந்து டல்லி கிணற்றுக்குப் போனோம். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும், அரசு குதிரைப் பண்ணையை ஒட்டி. கிணறு என்றதும் துலா, ராட்டினம் எல்லாம் நினைக்க வேண்டாம், தரையிலிருந்து ஊறும் சுனை, சுற்றிக் கல் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுனைநீர் சின்ன ஓடையாக ஓடி ஒரு கல் வளைவுக்குக் கீழே, பிரிஜிட்டின் செருப்பு என்று சொல்லப்படும் இரண்டு துளைக்கற்கள் வழியாக வருகிறது. புல்தரையில் ஐந்து பிரார்த்தனைக் கற்கள் வரிசையாக. கையில் நெருப்பு ஏந்திய பிரிஜிட்டின் வெண்கலச் சிலையும் உண்டு. அன்றைக்கு நல்ல கூட்டம், ஜெபமாலை உருட்டும் பாட்டிகள், பச்சை குத்திய இளைஞர்கள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். தூறல் விடவில்லை. சிநேகிதி ஒவ்வொரு கல்லிலும் நின்று, சுனையை வலமாகச் சுற்றி, கொண்டுவந்த பாலில் கொஞ்சத்தைப் புல்லில் ஊற்றினாள், தண்ணீரில் ஊற்றக்கூடாது, நீர் கெட்டுவிடும் என்றாள். நான் குனிந்து கையை விட்டேன், முழங்கை வரை மரத்துப்போனது. நெற்றியில் தெளித்துக்கொண்டு, ஊரில் இருக்கும் என் அம்மாவின் மூட்டுவலிக்காக வேண்டிக்கொண்டேன். என்ன பெயரைச் சொல்லி வேண்டுவது என்று ஒரு கணம் தயக்கம் வந்தது, அப்புறம் அம்மா என்றே கூப்பிட்டுவிட்டேன், யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பாள்.

சுனைக்குப் பக்கத்து மரத்தில் துணி கட்டியிருக்கிறார்கள், நம்மூர் ஆலமரத்தில் தொட்டில் கட்டுவது போல. வழக்கம் என்னவென்றால், நோயுள்ள இடத்தைச் சுனைநீரில் நனைத்த துணியால் துடைத்து மரத்தில் கட்டிவிட வேண்டும், துணி மக்க மக்க நோயும் போகும். இப்போது கட்டுவதெல்லாம் பாலியெஸ்டர் ரிப்பன், முகக்கவசம், சாவிக்கொத்து. அது எந்தக் காலத்தில் மக்கும், நோய் எந்தக் காலத்தில் போகும்? சில கயிறுகள் கிளையை நெரித்துப் பட்டைக்குள்ளேயே இறங்கியிருந்தன. சிநேகிதி கோட்டுப் பையிலிருந்து ஒரு குப்பைப் பையையும் சின்னக் கத்திரிக்கோலையும் எடுத்து, நெரிக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் வெட்டி எடுத்தாள். பருத்தித் துணியைத் தொடவில்லை. எப்போது வந்தாலும் இதைச் செய்வாளாம், அவள் மதத்தில் இதுவும் வழிபாடுதான் என்று அவள் சொல்லவில்லை, செய்த விதத்தில் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: டப்ளின் ஹ்யூஸ்டன் நிலையத்திலிருந்து கில்டேருக்கு நேரடி ரயில் இருக்கிறது. 2023லிருந்து இந்தத் திருநாளுக்கு அரசு விடுமுறை, பெரும்பாலும் பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, கூட்டம் வேண்டாம் என்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். மழைக்கோட்டும் சேறு தாங்கும் ஷூவும் அவசியம், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். துணி கட்டுவதாக இருந்தால் பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு கீற்று கிழித்துக்கொண்டு போங்கள்.

அக்டோபர் கடைசியில் வரும் சவுன் திருநாளுக்கு ராஸ்காமன் மாவட்டத்து ரத்க்ரோகனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அங்கே மோரிகன் தெய்வத்தின் குகை இருக்கிறது, வாசலில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து வெட்டிய கல், உள்ளே சேற்றில் தவழ்ந்துதான் போக வேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.