தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சு

எங்கள் பக்கம் ஏரியிலோ கிணற்றிலோ விழுந்த பிள்ளையைத் தூக்கிக் கரையில் போட்டதும், கூட்டத்தில் பலசாலியான ஒருவர் அவன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவார், இல்லையென்றால் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு ஓடுவார். வயிற்றை அமுக்கச் சொல்லி இன்னொருவர் கத்துவார். வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்துவிட்டால் போதும், "தண்ணி வந்திடுச்சு, பொழச்சுக்குவான்" என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவது. அது வந்ததால் மூச்சு வரப்போவதில்லை. மோசம் என்னவென்றால், அமுக்கும்போது சாப்பிட்ட சோறும் சேர்ந்து மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நிமிடமும் இதிலேயே போய்விடுகிறது.

இந்த முரட்டு வைத்தியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்றே 1767இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார்கள், சரி. கூடவே ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஏற்றவும் சொன்னார்கள்!

இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் சிபிஆர் (இதயமும் மூச்சும் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி, வாயில் ஊதிச் செய்யும் முதலுதவி) வீடியோக்களில் "நெஞ்சை அமுக்கினால் போதும், ஊத வேண்டாம்" என்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் யாருக்கு என்று சொல்வதில்லை. அமெரிக்க இதய சங்கம் 2008இல் அப்படிச் சொன்னது, கண்ணெதிரே திடீரென்று சுருண்டு விழும் பெரியவர்களுக்கு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு இதயம் நின்றால், ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கும், அதை ஓடவிட்டால் சில நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். மூழ்கியவருக்கு நடப்பது தலைகீழ். மூச்சு முதலில் நின்று, இருந்த ஆக்சிஜன் எல்லாம் தீர்ந்த பிறகுதான் இதயம் ஓய்கிறது. அவருக்கு நெஞ்சை மட்டும் அமுக்குவது வற்றிய கிணற்றில் மோட்டார் ஓட்டுவதுபோல. இன்னொன்று, கரைக்கு வரும்போது இதயம் மெலிதாகத் துடித்துக்கொண்டிருக்கவும் கூடும், அந்த நேரத்தில் நாலு நல்ல மூச்சு உள்ளே போனாலே ஆள் திரும்பிவிடலாம்.

சரி, கரையில் என்ன செய்வது? மல்லாக்கப் படுக்கவைத்துத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் (மீன்போல வாயைத் திறந்து எப்போதாவது இழுப்பது மூச்சில்லை) பக்கத்திலிருப்பவரை 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு நீங்கள் ஆரம்பித்துவிடுங்கள். நெற்றியை ஒரு கையால் பின்னுக்குச் சாய்த்து, மறு கை விரல்களால் தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, அவர் வாயை உங்கள் வாயால் முழுக்க மூடி ஒரு நொடி ஊத வேண்டும். கைக்குழந்தை என்றால் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடி, கன்னத்தில் இருக்கும் காற்றளவு மட்டும். ஊதும்போது கண் நெஞ்சின் மேலேயே இருக்கட்டும், அது எழும்பினால்தான் காற்று போயிருக்கிறது. ஐரோப்பியர்கள் முதலில் 5 மூச்சு என்கிறார்கள், அமெரிக்கர்கள் 2 என்கிறார்கள், எண்ணிக்கைக்காகத் தயங்கி நிற்காதீர்கள். அப்புறம் நடு நெஞ்சில் 30 அமுக்கு, 2 மூச்சு, மறுபடி 30. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை.

முதலுதவிப் பயிற்சியில் ஆள் உயரப் பொம்மையின் வாயில் ஊதும்போது எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். தலையைச் சரியாகச் சாய்க்காமல் ஊதுகிறோம், பொம்மையின் நெஞ்சு அசையாது, நம் கன்னம்தான் உப்பும். தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கினால் அந்த பிளாஸ்டிக் நெஞ்சு மெல்ல எழும்பி இறங்கும், அதைப் பார்த்தவர்கள் பிறகு மறப்பதில்லை. நார்வேயில் பொம்மை வியாபாரம் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் கொண்டுவந்த பொம்மையின் வழிவந்தவைதான் இவை. அதன் முகமோ பாரிஸ் சென் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையது.

வாய் வைக்க அருவருப்பாகவோ பயமாகவோ இருக்கிறது என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முடியவில்லை என்றால் அமுக்கவாவது செய்யுங்கள், சும்மா நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். சொந்தப் பிள்ளை என்றால் யாரும் யோசிக்கப்போவதில்லை, ஆனால் முறை தெரிந்திருக்க வேண்டுமே.

நீச்சல் தெரியாமல் பின்னாலேயே குதிப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களை இழுத்துக் கரை சேர்த்தார்கள். கயிறோ வேட்டியோ கழியோ, கைக்குக் கிடைத்ததை நீட்டுங்கள்.

மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியைக் களைந்து போர்த்திவிடுங்கள். வாந்தி வரும், வந்தால் வாயைத் துடைத்துவிடுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசுகிறான் என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம், அதனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.