கிராமத்தின் கணக்குக்கே வந்த பணம்

நலிவுற்ற மக்களுக்கான நிதியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும், எதற்குச் செலவாக வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. உடல்நலமும் பிழைப்பும் சேர்ந்தே கெட்டுப்போன குடும்பங்களைப் பொறுத்தவரை, பணம் பயன்பட்டதா வீணானதா என்பது இந்த இரண்டாவது கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமைகிறது என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்நாட்டின் புதுவாழ்வு என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்தை அருகிலிருந்து பார்த்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் தென் மாவட்டம் ஒன்றில், ஊர்ச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதவும் தீர்மானப் புத்தகம் பராமரிக்கவும் கற்றுக்கொடுக்கும் பணியில் இருந்தேன்.

உலக வங்கியின் கடனுதவியுடன் 2005 நவம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம், முதலில் பின்தங்கிய 70 ஒன்றியங்களில் நடந்து, பின்னர் 26 மாவட்டங்களின் 120 ஒன்றியங்களுக்கும் 4,174 ஊராட்சிகளுக்கும் விரிந்து, 2017 வரை நீடித்தது. மகளிர் குழுக்களும் அவற்றுக்கான கடனும் அதற்கு முன்பே பரவலாக இருந்தன. ஆகவே அவற்றை இத்திட்டத்தின் புதுமை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் என்ற ஒன்றை அமைத்து, திட்டப் பணத்தைத் தவணை தவணையாக அந்தச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பியதுதான் உண்மையான மாற்றம். ஊராட்சித் தலைவர் பதவி வழியாகச் சங்கத்தின் தலைவர். ஆனால் உறுப்பினர்களாக உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் குடியிருப்பு வாரியாக வந்த ஏழைப் பெண்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் இளைஞர்களுக்கும் அதில் இடம் உண்டு. சங்கத்தில் இல்லாதவர்களைக் கொண்டு சமூக தணிக்கைக் குழு ஒன்று தனியாக இயங்கியது. செலவைச் சரிபார்த்துக் கிராம சபையில் அறிக்கை வைப்பது அதன் பொறுப்பு.

பணம் வருவதற்கு முன் நடந்த மக்கள் நிலை ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வளாகத்திலோ கோயில் முன்னாலோ தரையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடம் போடுவார்கள். தெருக்கள், கண்மாய், ரேஷன் கடை எல்லாம் வரைந்த பிறகு, வீடு வீடாகக் குறித்து, மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று ஊராரே பிரிப்பார்கள். சத்தமில்லாமல் முடிந்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. ஓர் ஊரில் ஒரு வீட்டைக் கான்கிரீட் கூரை இருக்கிறது என்பதற்காக நடுத்தரத்தில் வைத்தபோது, எதிர்த்தெருப் பெண் ஒருவர் எழுந்து, அது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு என்றும், உள்ளே மரத்திலிருந்து விழுந்தவர் எழுந்திருக்காமல் கிடக்கிறார் என்றும், அவர் மனைவி கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும் என்றும் சொன்னார். வரைபடத்தில் அந்த வீட்டின் நிறம் அங்கேயே மாறியது. எந்த அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்திலும் அந்த மனிதர் தட்டுப்பட்டிருக்க மாட்டார். ஏனென்றால் விண்ணப்பிக்க அவரால் வாசலைத் தாண்ட முடியாது, அவருக்காக அலையக்கூடிய ஒரே ஆள் அன்றைய கூலியை இழந்துதான் அலைய வேண்டும்.

பனையும் தென்னையும் ஏறிப் பிழைக்கும் ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் அபூர்வமல்லர். விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டால் அதற்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விடுகின்றன. உணர்ச்சி இல்லாததால், ஒரே இடத்தில் எடை அழுந்தி ரத்த ஓட்டம் நின்று தோல் அழுகத் தொடங்குவதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் அவ்வப்போது கையை ஊன்றித் தன் உடலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் தொற்று ஏறிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். தண்டுவடம் அடிபட்டவர்களில் பலரைப் பின்னாளில் கொண்டுபோவது அடிபட்ட காயமன்று, கவனிப்பில்லாத படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே.

அந்த மனிதருக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் கூடிப் பேசியபோது முதலில் வந்த யோசனை, வழக்கம்போல, வீட்டு முகப்பில் ஒரு பெட்டிக்கடை. மாற்றுத்திறனாளி என்றாலே பெட்டிக்கடை அல்லது தையல் இயந்திரம் என்று எழுதிவிடும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த பெண்களுக்கு அவருடைய முதுகுப் புண்ணின் நிலை தெரியும். உட்கார முடியாதவருக்குக் கடை வைத்துக் கொடுத்தால் யார் வியாபாரம் செய்வது என்று கேட்டார்கள். முடிவில் எழுதிய தீர்மானத்தில், காற்று மெத்தை, சக்கர நாற்காலிக்கான மெத்தை, புண் ஆறும்வரை கட்டுப் போடுவதற்கான பொருள்கள், மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோ வாடகை, அதன் பிறகு கடைக்கான முதல் சரக்கு ஆகிய எல்லாம் வரிசையாக இருந்தன. புண்ணை வந்து பார்க்கும்படி கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டுக்கொள்வது என்ற வரியும் அதில் இருந்தது. மருத்துவச் செலவும் தொழில் செலவும் ஒரே தீர்மானத்தில், ஒரே கணக்கிலிருந்து, எது முதலில் எது பின்னர் என்ற வரிசையோடு வந்ததை நான் இன்றுவரை பெரிய விஷயமாக நினைக்கிறேன். கடை திறக்கப் பல மாதங்கள் ஆயின. அதன் பிறகு நான் அந்தப் பகுதியில் இருந்த வரை கடை நடந்தது.

நிதி கொடுக்கும் நிறுவனங்கள், அரசோ அறக்கட்டளையோ, பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. நிதி ஒதுக்கீட்டில் நலவாழ்வுக்கு ஒரு தலைப்பு, வாழ்வாதாரத்துக்கு வேறொரு தலைப்பு, இரண்டுக்கும் வெவ்வேறு துறை, வெவ்வேறு நிதியாண்டு. சக்கர நாற்காலி கொடுப்பவருக்கு மெத்தை கொடுக்கத் தலைப்பில்லை. கடைக்கு மானியம் கொடுப்பவருக்குப் புண்ணை ஆற்றத் தலைப்பில்லை. ஒரு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை, பேருந்துச் சலுகை, கடன், வேலை ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். பெரும்பாலான உரிமைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு என்று மருத்துவச் சான்று வேண்டும். முகாம் நடக்கும் நாளில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால், கண்ணுக்கு ஒரு மருத்துவர் இருப்பார், எலும்புக்கு இருப்பவர் அன்றைக்கு அறுவை சிகிச்சையில் இருப்பார். மறுபடியும் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கூட வருபவரின் கூலி போகிறது, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் கையிலிருந்து போகிறது. இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றுக்காகக் கடன் வாங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சங்கங்களின் செலவுப் புத்தகத்தில் 'வேன் வாடகை, அடையாள அட்டை முகாம்' என்ற வரி அடிக்கடி வரும். பார்வைக்குச் சிறிய செலவு அது. ஆனால் ஆண்டுக்கணக்கில் யாரும் செய்ய முன்வராத செலவு.

இளைஞர்களுக்கான திறன் பயிற்சியும் அதே நிதியில் நடந்தது. ஓட்டுநர், தையல், செவிலியர் உதவியாளர், கணினி என்று பல பயிற்சிகளுக்கு ஆயிரக்கணக்கானோரை அனுப்பினார்கள். அதில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்று எண்ணிய அக்கறையில் பாதியை, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணுவதில் காட்டியிருக்க வேண்டும். தொலைவிலுள்ள ஊரில், விடுதி வசதி சரியில்லாத இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சில வாரங்களில் திரும்பி வந்ததற்குக் காரணம் சோம்பல் அன்று.

சங்கத்தின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஊரில் இருக்கும் சாதி சங்கத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. ஊர்த்தெருவிலேயே கூட்டம் போட்டு, காலனியிலிருந்து வந்த பெண்கள் தயங்கி ஓரமாக நின்ற கூட்டங்கள் உண்டு. காசோலையில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்த தலைவர்களும் உண்டு. ஆனால் இதற்கு மருந்தும் விதிகளுக்குள்ளேயே இருந்தது. கூட்டத்தைக் காலனியில் போட வேண்டும் என்று பெண்கள் கேட்டு வாங்கிய ஊர் ஒன்றில், அடுத்தடுத்த தீர்மானங்களில் பயனாளிகளின் பெயர்களே மாறியதைப் புத்தகத்தைப் புரட்டினாலே பார்க்கலாம். தணிக்கைக் குழுவில் இருந்த ஒரு மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது; பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கறவை மாடு வாங்கியதாக எழுதியிருந்த வீட்டுக்கு நேரில் போய் மாட்டைக் காட்டச் சொன்னார். மாடு இல்லை. பணம் திரும்பி வந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து வரும் எந்தத் தணிக்கையாளரும் அந்த மாட்டைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

புதுவாழ்வுக்குப் பின் வந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டம், 2017இல் உலக வங்கி 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்து உருவானது. அதன் நோக்கம் கிராமப்புறத் தொழில் முனைவை வளர்ப்பது. வங்கிக் கடனோடு 30 விழுக்காடு இணை மானியம் தந்தார்கள். தொழிலை ஏற்கெனவே நடத்தும் பெண்களுக்கு அது நல்ல உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வங்கி கடன் கொடுக்கத் தகுதியானவர் என்று ஏற்கும் நிலைக்கு வந்தவர்களுக்கே இணை மானியம் சென்று சேரும். கட்டிலில் கிடப்பவர் அந்த வரிசையில் நிற்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென்று உலக வங்கி உதவியுடன் 1,763 கோடி ரூபாயில் தமிழ்நாடு உரிமைகள் திட்டம் வந்திருக்கிறது. 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கங்கள் நினைத்துப் பார்த்திராத வசதி அது. இவை அனைத்தையும் மனமார வரவேற்கிறேன். ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்கிறது. ஒரே வீட்டுக்கு இவை எந்த வரிசையில் வர வேண்டும், இடையில் விழும் ஆட்டோ வாடகையை யார் தர வேண்டும் என்று உட்கார்ந்து பேச ஊரில் ஓர் இடம் இல்லை என்பதே என் குறை.

கேரளத்தில் மிக வறிய நிலையில் இருந்த 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் உணவு, மருத்துவம், வீடு, வருமானம் ஆகியவற்றைச் சேர்த்துத் தனித்தனித் திட்டம் எழுதினார்கள். 2025 நவம்பர் 1ஆம் தேதி தீவிர வறுமை அற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைப் பற்றிப் பொருளியல் அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், எழுப்பவும் வேண்டும். ஆயினும் ஒரு குடும்பத்துக்கு ஒரு திட்டம் என்ற முறை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. தமிழ்நாட்டிலும் 2024 நிதிநிலை அறிக்கையில் மிகவும் வறிய 5 லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து உதவுவதாக அறிவித்தார்கள். நிதி ஆயோக்கின் கணக்கில் 2019–21இல் தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில், அதாவது உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் வறுமையில், இருந்தவர்கள் 2.2 விழுக்காடுதான். எண்ணிக்கை இவ்வளவு குறைந்த பிறகு எஞ்சியிருப்பவர்கள் பொதுவான திட்டங்கள் எட்டாதவர்கள். நோயும் தனிமையும் வேலையின்மையும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பவர்கள். அவர்களை அடைய ஊராரின் அறிவு முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

இதற்குப் புதிய திட்டமோ புதிய பெயரோ தேவையில்லை. மகளிர் குழுக்களின் கூட்டமைப்புகள் ஆண்டுதோறும் ஊரின் வறுமைக் குறைப்புத் திட்டத்தைத் தயாரித்து, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ப்பதற்காகக் கிராம சபையில் வைக்கும் முறை இப்போதே இருக்கிறது. அதற்கென்று பணம் ஒதுக்குவதில்லை என்பதால் பல ஊர்களில் அது கோரிக்கைப் பட்டியலாக நின்றுவிடுகிறது. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்று வைத்தார்கள். அப்படிக் கட்டில்லாமல் வரும் நிதியில் ஒரு சிறு பங்கை, ஆண்டுக்குச் சில குடும்பங்களுக்காவது, கூட்டமைப்பின் தீர்மானப்படி செலவிட ஊராட்சிகளை அனுமதித்து, அதைத் தனிக் குழு தணிக்கை செய்து கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்று அரசாணை ஒன்று போதும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் உங்கள் ஊரில் இருப்பீர்களானால், அந்த வறுமைக் குறைப்புத் திட்டத்தைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியே வர முடியாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.